கற்பித்தல் பயிற்சியில் டிஜிட்டல் கருவிகள்: கடலூர், புதுச்சேரி பி.எட். மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இரண்டாண்டு பி.எட். படிப்பில் 16 வாரம் பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டும். கூடவே, பயன்படுத்திய டிஜிட்டல் கருவிகளைப் பற்றிச் சிந்தனைக் குறிப்பும் எழுதித் தர வேண்டும். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, பாகூர், வில்லியனூர் போன்ற ஊர்களின் பள்ளிகளுக்குப் போகும் பயிற்சி ஆசிரியர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே.

எந்தச் செயலியில் இருந்து தொடங்கலாம்?

செயலியில் இருந்து தொடங்காதீர்கள். பாடத்தில் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறுவார்கள் என்று வழிகாட்டி ஆசிரியரிடம் முதலில் கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாதது (மின்னோட்டம், செல் பிரிதல்), மிக மெதுவாக நடப்பது (கடலரிப்பு), கையில் அளந்து பார்க்காமல் நம்ப முடியாதது (ஒலியின் வேகம்) ஆகிய மூன்றுக்கும் கருவி நிஜமாகவே உதவும். புணர்ச்சி விதிக்கும் காரணிப்படுத்தலுக்கும் கரும்பலகைதான் மேல். எழுத எழுத, அடுத்த வரி எப்படி வந்தது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள். ஸ்லைடிலோ விடை மொத்தமாக வந்து விழுகிறது.

45 நிமிட வகுப்பில் திரை 8 முதல் 10 நிமிடம் ஓடினால் போதும். முழுப் பாடத்தையும் ஸ்லைடில் ஏற்றியவர்களுக்குப் பிள்ளைகள் நோட்டில் எழுதுவதற்கே நேரம் போதாது.

பள்ளிக்குப் போன முதல் நாள் என்னென்ன பார்த்து வைக்க வேண்டும்?

ப்ரொஜெக்டரின் பின்பக்கத்தை. பழைய ப்ரொஜெக்டர்களில் நீல நிற விஜிஏ துளை மட்டும் இருக்கும். இப்போதைய லேப்டாப்களிலோ பெரும்பாலும் எச்டிஎம்ஐதான். நடுவில் ஒரு எச்டிஎம்ஐ–விஜிஏ அடாப்டர் வேண்டும். சிலர் திசையைக் கவனிக்காமல் விஜிஏ–எச்டிஎம்ஐ வாங்கிவிடுகிறார்கள். அது இந்த வேலைக்கு ஆகாது. லேப்டாப் பக்கம் எச்டிஎம்ஐ ஆண் முனையும் ப்ரொஜெக்டர் பக்கம் விஜிஏவும் இருக்க வேண்டும்.

விஜிஏ கம்பியில் ஒலி போகாது. வீடியோவில் குரல் இருந்தால் லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் இருந்து தனி ஸ்பீக்கருக்கு 3.5 மி.மீ. கம்பி எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர் மின்விசிறிச் சத்தத்தில் இரண்டாவது பெஞ்சைத் தாண்டாது.

இணைத்தும் திரையில் ஒன்றும் வரவில்லையென்றால் விண்டோஸ் விசையோடு 'பி' விசையை அழுத்தி 'டூப்ளிகேட்' தேர்ந்தெடுங்கள். அப்போதும் வராவிட்டால் ப்ரொஜெக்டர் ரிமோட்டில் 'சோர்ஸ்' மாற்ற வேண்டும். ரிமோட் பெரும்பாலும் தலைமையாசிரியர் அறை மேசை இழுப்பறையில்தான் இருக்கும், பேட்டரி இல்லாமல். இரண்டு ஏஏஏ பேட்டரி பையில் இருக்கட்டும்.

இதோடு பிளக் பாயின்ட் எங்கே, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டுமா, கிழக்குப் பக்க ஜன்னல் வெயில் எத்தனை மணி வரை திரையில் விழுகிறது என்பதையும் பாருங்கள். காலை முதல் பீரியடில் திரையே தெரியாத வகுப்பறைகள் உண்டு. அப்படியிருந்தால் திரை தேவைப்படும் பாடத்தை மதியத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதே வழி. எழுத்தளவு 28க்குக் கீழே போனால் கடைசி பெஞ்சுக்குப் படிக்க வராது.

போனையே நேராக ப்ரொஜெக்டரில் மாட்ட முடியாதா?

டைப்–சி துளை இருப்பதாலேயே படம் வந்துவிடாது. அந்தத் துளை வழியாகக் காணொளி அனுப்பும் வசதி போனில் இருக்க வேண்டும், குறைந்த விலை போன்கள் பலவற்றில் அது கிடையாது. அடாப்டர் வாங்கும் முன் உங்கள் போன் மாடலுக்கு அந்த வசதி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் கோப்பை பென் டிரைவில் போட்டு லேப்டாப்பில் திறப்பதே நிம்மதி.

வீட்டில் நன்றாகத் தெரிந்த தமிழ் ஸ்லைடு பள்ளிக் கணினியில் கிறுக்கலாக வருகிறது. ஏன்?

கிறுக்கலைப் பார்த்தே காரணம் சொல்லலாம். தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வந்தால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு. அதில் சேமிக்கப்பட்டிருப்பதே ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு இருந்தால் மட்டுமே அவை தமிழாகத் தெரியும். கட்டம் கட்டமாக வந்தால் அது யூனிகோட் தமிழ், அந்தக் கணினியில் பொருத்தமான எழுத்துரு இல்லை என்று பொருள்.

முதல் வகையை இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் யூனிகோடாக மாற்றிவிடுங்கள். இரண்டாவதற்கு, விண்டோஸோடு வரும் நிர்மலா யுஐ எழுத்துருவை (பழைய விண்டோஸில் லதாவை) பயன்படுத்துங்கள். பவர்பாயின்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் எழுத்துருவைக் கோப்பிலேயே பதிக்கும் பெட்டியில் டிக் செய்யலாம். எது எப்படியிருந்தாலும் ஒரு பிடிஎஃப் நகல் பென் டிரைவில் இருக்கட்டும். அசைவுகள் போய்விடும், எழுத்து போகாது.

தமிழ் தட்டச்சுக்கு எந்த முறை?

நிறைய எழுத வேண்டியவர்களுக்குத் தமிழ்99. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் ஏற்கப்பட்டது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கையிலும் வரும். ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டல். போனில் செல்லினம் செயலியில் இம்முறை உண்டு. அவசரக் குறிப்புக்கு கூகுள் டாக்ஸின் குரல் தட்டச்சும் தமிழ் கேட்கும், ஆனால் நிறுத்தற்குறிகளை நீங்கள்தான் போட வேண்டியிருக்கும்.

கூகுள் ஃபார்ம் தேர்வில் சரியாக எழுதிய பிள்ளைக்கும் தவறு என்று வருகிறதே?

குறுவிடைக் கேள்விகளில் ஃபார்ம் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். தமிழில் இது இரட்டைச் சிக்கல். 'கொ' என்பதில் உள்ள கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் பதிவாகலாம், இரண்டு தனிக் குறியீடுகளாகவும் பதிவாகலாம். பார்வைக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. துணைக்காலுக்குப் பதில் 'ர' தட்டுவது இன்னொன்று. சில எழுத்துருக்களில் ஆசிரியர் கண்ணுக்கே வித்தியாசம் தெரியாது. சொல்லுக்குப் பின் விட்ட ஒரு வெற்றிடமும் தகராறு செய்யலாம்.

ஆகவே தமிழ் விடைகளுக்குப் பலவுள் தெரிவு வினாவே பாதுகாப்பு. குறுவிடை வைத்தே ஆக வேண்டுமென்றால் விடைக்குறிப்பில் எல்லா வடிவங்களையும் சேருங்கள். 'மற்ற விடைகள் அனைத்தும் தவறு' என்ற பெட்டியை டிக் செய்யாமல் விட்டு, மிச்சத்தை நீங்களே பார்த்து மதிப்பெண் போடுங்கள்.

பிள்ளைகளிடம் போன் இல்லை. அப்படியென்றால் வகுப்பில் உடனடித் தேர்வே வைக்க முடியாதா?

ப்ளிக்கர்ஸ் வையுங்கள். பிள்ளைக்கு ஒரு காகித அட்டை, உங்களிடம் ஒரே ஒரு போன். அட்டையில் கறுப்பு வெள்ளைக் கட்டக்குறி இருக்கும். அதன் நான்கு பக்கங்கள் ஏ, பி, சி, டி. எந்தப் பக்கம் மேலே வருமாறு பிடிக்கிறார்களோ அதுவே விடை. ஒவ்வொரு அட்டைக்கும் எண் உண்டு, அதை வருகைப் பதிவேட்டு எண்ணோடு இணைத்துவிட்டால் யார் என்ன விடை சொன்னார்கள் என்பது பதிவாகிவிடும். எழுத்துகள் மூலையில் பொடியாக அச்சாகியிருப்பதால் பக்கத்துப் பிள்ளை பார்த்துக் காட்டவும் முடியாது.

40 அட்டைத் தொகுப்பை ஏ4 தாளில் ஜெராக்ஸ் எடுத்தால் போதும். கெட்டியாக இருக்கட்டும் என்று பளபளப்பு லேமினேஷன் போடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்து கேமராவுக்குக் குறி தெரியாமல் போகிறது. கெட்டி அட்டையில் ஒட்டினால் போதும். குறியின் ஓரத்தை விரலால் மறைத்தாலும் படிக்காது, வெள்ளை ஓரத்தைப் பிடிக்கப் பழக்குங்கள். ஆசிரியர் போனுக்கு மட்டும் இணைப்பு வேண்டும்.

மழைக்காலத்தில் கரன்ட்டும் நெட்டும் போய்விடுகின்றன. என்ன செய்வது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கரையில் இதைக் கணக்கில் எடுக்காத பாடக்குறிப்பு அரைகுறைதான். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. பெரும்புயல் வேண்டாம், ஒரு சாதாரணக் காற்றழுத்தத் தாழ்வே பீரியட் நடுவில் நெட்டைத் துண்டிக்கும்.

முதல் கட்டம், நெட் இல்லாமல் ஓடும் கோப்புகள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகங்களை, அதாவது திரையில் இயக்கிப் பார்க்கும் சிமுலேஷன்களைத் தனித்தனிக் கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் பிரவுசரிலேயே ஓடும். பலவற்றுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. கணித வரைபட மென்பொருளான ஜியோஜீப்ராவைக் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் நெட் இல்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் செயலி வழியாக ஒரே கோப்பாக எடுத்து வைக்கலாம்.

இரண்டாவது, வகுப்புக்குள் ஒரு சிறு வலையமைப்பு. கோலிப்ரி என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் நிறுவி, வேண்டிய பாடங்களை நெட் இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். வகுப்பில் ஒரு போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட் மட்டும் போட்டு, லேப்டாப்பையும் பிள்ளைகளின் டேப்லெட்டுகளையும் அதில் இணையுங்கள். டேப்லெட் பிரவுசரில் லேப்டாப்பின் ஐபி எண்ணையும் (அந்த வலையமைப்பில் அதன் முகவரி), முக்காற்புள்ளி இட்டு 8080 என்பதையும் தட்டினால் பாடம் திறக்கும். திறக்காவிட்டால் பத்தில் ஒன்பது முறை விண்டோஸ் ஃபயர்வால்தான் காரணம், கோலிப்ரிக்கு அனுமதி கொடுங்கள். லேப்டாப்பின் சொந்த மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்ப வேண்டாம், பகிர ஒரு இணைய இணைப்பு இல்லாவிட்டால் அது பெரும்பாலும் இயங்க மறுக்கும். போன் ஹாட்ஸ்பாட்டில் எட்டுப் பத்துக் கருவிகள்தான் தாங்கும், ஆகவே குழு வேலையாக வையுங்கள்.

மின்சாரக் கணக்கு: 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் 3.7 வோல்ட் கணக்குப்படி 74 வாட்–மணி இருக்கிறது. மாற்றத்தில் போகும் இழப்பைக் கழித்தால் 45 முதல் 50 தேறும். லேப்டாப்புக்குப் பதில் 5 வாட் இழுக்கும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் கோலிப்ரியை ஓட்டினால் 9 மணி நேரம் நிற்கும், ஒரு பள்ளி நாளுக்கு மேல். ப்ரொஜெக்டருக்கு இந்தக் கணக்கு எடுபடாது. சாதாரண விளக்கு ப்ரொஜெக்டர் 200 வாட்டுக்கு மேல் கேட்கும். அதனால் திரையில் காட்ட நினைத்த முக்கியமான படம் ஒன்றையாவது சார்ட்டில் வரைந்து கையோடு கொண்டு போங்கள்.

பாடநூலில் உள்ள க்யூஆர் கோடு ஸ்கேன் ஆகவில்லை.

கோடுக்குக் கீழே எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு இருக்கும். மத்திய அரசின் திக்‌ஷா செயலியில் அதைத் தட்டச்சு செய்தாலும் அதே பாடம் திறக்கும். தமிழக அரசின் மணற்கேணி செயலியிலும் தமிழ்வழிக் காணொளிகள் உள்ளன. புதுச்சேரியில் பயிற்சிக்குப் போகிறவர்கள் கவனிக்க: அங்குள்ள அரசுப் பள்ளிகள் தமிழகப் பாடத்திட்டத்தில் இருந்து சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. சீனியர்கள் தரும் பழைய பாடக்குறிப்பும் காணொளிப் பட்டியலும் பாடநூலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

அறிவியல் பாடத்துக்கு, போனை மட்டும் வைத்துச் செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று?

போனின் உணரிகளால் அளவெடுக்கும் ஃபைஃபாக்ஸ் செயலியில் உள்ள ஒலி ஸ்டாப்வாட்ச் (சத்தம் கேட்டால் தானே ஓடும், அடுத்த சத்தத்தில் நிற்கும்). இரண்டு போன்களைச் சரியாக 5 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். இரண்டிலும் ஸ்டாப்வாட்ச் தயாராக இருக்கட்டும். முதல் போன் அருகே நிற்பவர் ஒரு கைதட்டல். இரண்டு கடிகாரமும் ஓடத் தொடங்கும், ஆனால் தூரத்துப் போனுக்கு ஒலி சற்றுத் தாமதமாகப் போய்ச் சேரும். ஒரு விநாடி கழித்து இரண்டாவது போன் அருகே நிற்பவர் தட்டினால் இரண்டும் நிற்கும், இம்முறை தாமதம் முதல் போனுக்கு. இரண்டு போன்களும் காட்டும் நேரங்களின் வித்தியாசம், ஒலி 10 மீட்டர் போக எடுத்த நேரம். 30 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் ஏறக்குறைய விநாடிக்கு 349 மீட்டர், ஆகவே 0.0287 விநாடியை ஒட்டி வர வேண்டும்.

விடை தாறுமாறாக வந்தால் பெரும்பாலும் சுற்றுச் சத்தமே கடிகாரத்தைத் தொடங்கிவிட்டிருக்கும். செயலியில் ஒலி வரம்பைக் கூட்டுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். கடலூர் சில்வர் பீச்சுக்குக் கூட்டிப்போய்ச் செய்யலாமே என்று ஆசை வரும். வேண்டாம், காற்று மைக்கில் மோதிக்கொண்டே இருக்கும். பள்ளி வராண்டா போதும். தட்டுபவர் தன் போனுக்கு ஒரு சாண் தூரத்துக்குள் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் அரை மீட்டர் தள்ளி நின்றாலே விடை நன்றாகப் பிசகும். ஐந்து முறை செய்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். அளவீட்டுப் பிழை என்ற பாடமும் அதோடு முடிந்துவிடும்.

சமூக அறிவியலுக்கு?

கூகுள் எர்த் ப்ரோவை விண்டோஸில் நிறுவி, கடிகாரச் சின்னத்தைத் தட்டினால் பழைய செயற்கைக்கோள் படங்கள் வரிசையாக வரும். புதுச்சேரிக் கடற்கரையை எடுங்கள். அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். தடுப்புச் சுவர் அதை மறித்ததால் தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்தின் கடற்கரை அரிக்கப்பட்டுக் கற்கள் கொட்ட வேண்டி வந்தது. 2018இல் தலைமைச் செயலகம் அருகே கடலில் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு ஒரு பகுதியில் மணல் திரும்பியது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள படங்களை அடுத்தடுத்துக் காட்டினால் கடலரிப்பு பற்றிப் பிள்ளைகளே கேள்வி கேட்பார்கள். படங்களை முந்தைய நாளே சேமித்துவிடுங்கள், நேரலையில் காட்ட முயன்றால் பாதி பீரியட் மங்கல் கட்டங்களைப் பார்ப்பதிலேயே போய்விடும்.

பாடக்குறிப்பை சாட்ஜிபிடியில் எழுதி வாங்கலாமா?

வரைவு வாங்கலாம், வினாக்கள் வாங்கலாம். சரிபார்க்காமல் வகுப்புக்குப் போகக் கூடாது. தமிழ் இலக்கிய மேற்கோள்களில் இத்தகைய கருவிகள் துணிந்து தவறு செய்யும். இல்லாத பாட்டைக்கூட இருப்பதாகச் சொல்லும். குறள் எண் கொடுத்தால் ஒரு விரைவுச் சோதனை: எண்ணைப் பத்தால் வகுத்து, மீதி இருந்தால் ஒன்று கூட்டினால் அதிகார எண் வர வேண்டும். 391 என்றால் 40ஆவது அதிகாரம், கல்வி. பொருந்தாவிட்டால் மேற்கோள் முழுவதையும் சந்தேகியுங்கள். பொருந்தினாலும் நூலில் ஒருமுறை பாருங்கள். கணக்கில் விடை சரியாக இருந்து இடைப்படி ஒன்று தாண்டப்பட்டிருக்கும், நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

சிந்தனைக் குறிப்பில் என்ன எழுதுவது? எல்லாரும் 'மாணவர்கள் ஆர்வமாகக் கவனித்தனர்' என்றுதான் எழுதுகிறார்கள்.

அந்த வாக்கியத்தை முதலில் அடியுங்கள். திரை போட்டால் எந்த வகுப்பும் முதல் பத்து நிமிடம் ஆர்வமாகத்தான் பார்க்கும், அது கருவி வேலை செய்ததற்குச் சான்று ஆகாது. மதிப்பிடுபவர் தேடுவது மூன்று: எதற்காக இந்தக் கருவியை எடுத்தீர்கள், பிள்ளைகள் கற்றார்கள் என்பதற்கு என்ன ஆதாரம், அடுத்த முறை எதை மாற்றுவீர்கள்.

ஆதாரத்துக்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. பாடத்துக்கு முன் ஐந்து கேள்வி, பின் அதே தரத்தில் வேறு ஐந்து கேள்வி. வகுப்புச் சராசரி 40 விழுக்காட்டிலிருந்து 64 ஆனதென்று வைத்துக்கொள்வோம். கூடியது 24, கூட இடமிருந்தது 60. 24ஐ 60ஆல் வகுத்தால் 0.4. வெறும் '24 கூடியது' என்பதைவிட இது நியாயமான அளவு. ஏற்கெனவே 80இல் இருந்த வகுப்புக்கு 24 கூட வழியே இல்லையே. முன்பின் இரண்டுக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்தால் நினைவாற்றலைத்தான் அளப்பீர்கள்.

எண்ணோடு நிறுத்தாமல் ஒரு தவறான விடையை எடுத்து அலசுங்கள். 'பேட்டரியில் இருந்து தூரத்தில் உள்ள பல்பு மங்கலாக எரியும்' என்று பாடத்துக்குப் பின்னும் ஆறு பேர் எழுதினார்கள் என்றால், நீங்கள் காட்டிய உருவகத்தில் எலக்ட்ரான்கள் ஒரு முனையில் புறப்பட்டு ஓடுவது போலத் தெரிந்ததா என்று யோசியுங்கள். கருவியே தவறான எண்ணத்தை விதைத்திருக்கலாம். இந்த ஒரு பத்தி, ஸ்கிரீன்ஷாட் ஒட்டிய பத்துப் பக்கத்தைவிடக் கனமானது.

கல்வியாளர் கிப்ஸ் 1988இல் தந்த ஆறு படிச் சுழற்சியைச் (நடந்தது, உணர்ந்தது, நல்லது கெட்டது, ஏன், வேறு என்ன செய்திருக்கலாம், அடுத்த திட்டம்) சட்டகமாக வைக்கலாம். மிஷ்ரா–கோலர் 2006இல் முன்வைத்த டிபேக் சட்டகமும் பாடத்தில் வரும். பாட அறிவு, கற்பிக்கும் அறிவு, தொழில்நுட்ப அறிவு மூன்றும் சந்திக்கும் இடத்தைப் பேசுவது அது. மூன்று வட்டம் வரைந்து வைப்பதால் மட்டும் பயனில்லை. எந்த வட்டத்தில் உங்களுக்குக் குறை இருந்தது என்று சொன்னால்தான் அந்தப் படத்துக்கு வேலை.

வகுப்பு முடிந்த அன்றே நான்கு வரி எழுதிவிடுங்கள். பயிற்சியின் கடைசி வாரத்தில் உட்கார்ந்து எழுதினால் எல்லா வகுப்பும் ஒரே மாதிரி நடந்தது போல இருக்கும்.

வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கலாமா?

தலைமையாசிரியர் அனுமதி இல்லாமல் வேண்டாம். சாதாரணக் குழுவில் ஒவ்வொருவர் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். அவை பெரும்பாலும் அம்மாக்களின் எண்கள். பிராட்காஸ்ட் பட்டியல் போட்டால் தெரியாது, ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவர்கள் குழந்தைகள், அவர்கள் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பிள்ளைகள் முகம் தெரியும் வகுப்புப் படத்தை ஸ்டேட்டஸில் போடுவதை விட்டுவிடுங்கள். ரெக்கார்டுக்குப் படம் தேவையென்றால் பின்பக்கமிருந்து எடுங்கள்.

நாங்கள் படிக்க என்பிடெல் (ஐஐடிகளின் இணையவழிப் பாடத் திட்டம்) படிப்பு எடுக்கலாமா? எவ்வளவு நேரம் ஆகும்?

படிப்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்கு 1000 ரூபாய். 12 வாரப் படிப்பில் வாரம் ஒரு அசைன்மென்ட். சிறந்த எட்டின் சராசரி 25 மதிப்பெண்ணுக்கு, மையத்தில் போய் எழுதும் தேர்வு 75க்கு. அசைன்மென்டில் 10, தேர்வில் 30, இரண்டும் தனித்தனியே எடுத்தால்தான் சான்றிதழ். தேர்வில் மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று அசைன்மென்டை விட்டவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். கிரெடிட்டாகக் கணக்கில் வருமா என்பதைச் சேர்வதற்கு முன்பே கல்லூரியில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 16 வாரப் பயிற்சியோடு சேர்த்து ஒரு படிப்புக்கு மேல் எடுக்க வேண்டாம்.

பயிற்சி முடிந்து பள்ளியை விட்டுக் கிளம்பும்போது?

பள்ளிக் கணினியில் உங்கள் ஜிமெயிலை வெளியேற்றுங்கள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொல்லையும் நீக்குங்கள். கூகுள் ஃபார்ம்களில் வழிகாட்டி ஆசிரியரை எடிட்டராகச் சேர்த்துவிட்டால் அடுத்த ஆண்டும் அவர் பயன்படுத்தலாம். பிள்ளைகள் பெயருள்ள மதிப்பெண் தாள்களை உங்கள் போனில் இருந்து அழித்துவிடுங்கள். ரெக்கார்டுக்கு வரிசை எண் போதும். ப்ளிக்கர்ஸ் அட்டைகளும், இறக்கி வைத்த உருவகங்கள் உள்ள பென் டிரைவும் பள்ளியிலேயே இருக்கட்டும், எந்தக் கோப்பு எந்தப் பாடத்துக்கு என்று ஒரு தாளில் எழுதி அதோடு கட்டி வைத்துவிட்டு.